எட்டுக் கம்பியைச் சரிசெய்து கெடுத்த கதை

இசைக்கருவி பழுதுபார்ப்பவர்கள் சேர்ந்து போடும் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு உதவும் வகையில், நான் நன்றாகச் செய்து முடித்த ஒரு வேலையைப் பற்றி எழுதினால் போதும் என்றார்கள். நன்றாகச் செய்த வேலையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? கருவியை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரமாட்டார், அவ்வளவுதான். நான் கெடுத்த வேலையைப் பற்றி எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தேன். கம்பி விற்கத்தான் சேர்ந்தேன். பிறகு மாட்டக் கற்றுக்கொண்டேன், பிறகு பிரித்து ஒட்டக் கற்றுக்கொண்டேன். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களே பின்னால் தங்கள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இரட்டைக் கம்பி. மாண்டலின், பன்னிரண்டு கம்பி கிட்டார் போன்றவற்றில் கம்பிகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒரு ஜோடியில் இரண்டும் ஒரே கம்பி போலக் கேட்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் சத்தம் ஆடும். அந்த ஆட்டத்தைத் தேடிப்பிடித்து ஒழிப்பதுதான் என் பிழைப்பு. அதியன்னூரில் சர்ச் பாடகர் குழுவில் இருந்த ஒருவர் என்னைக் கேலி செய்வார்: "இந்த அக்காகிட்ட பன்னிரண்டு கம்பியக் குடுத்தா, ஆறு கம்பியாக்கும் திரும்பக் கிடைக்கும்." நான் முறைப்பேன். ஆனால் அந்தக் கேலியை மனசுக்குள் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தேன். அதுதான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

நான் வேலையை விடுவதற்கு இரண்டு வருஷம் முன்பு ஸ்டெல்லா என்ற பெண் கடைக்கு வந்தாள். ஆரியங்கோட்டிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஒரு வெள்ளைத் துணிப் பையிலிருந்து குட்டி கிட்டார் போன்ற உகுலேலே ஒன்றை எடுத்து வைத்தாள். நான் அதுவரை நான்கு கம்பி உகுலேலேதான் பார்த்திருக்கிறேன். இதில் கம்பியை முறுக்கும் கீ எட்டு இருந்தது. எட்டிலும் மாண்டலின் இரும்புக் கம்பி. இழுப்புத் தாங்காமல் கம்பிகளைக் கட்டும் பிரிட்ஜ் பலகையை விட்டுப் பாதி கிளம்பி நின்றது.

"இந்தப் பாவத்தைச் செய்தது ஆரு?" என்றேன்.

"பக்கத்து வீட்டு கிட்டார் வாத்தியாரு. எட்டுக் கம்பி உண்டுன்னா மாண்டலின் கம்பிதான்னு பறஞ்சாரு."

அந்த ஆளின் நம்பரை வாங்கி அப்போதே கூப்பிட்டேன். "எலே, நாலு காலு உண்டுன்னு கட்டிலுக்கு அடியில சட்டியோட போய் இருந்து பால் கறப்பியாலே?" என்று கேட்டுவிட்டு வைத்தேன். ஸ்டெல்லா சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருக்கும் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

அவள் புருஷன் தாசையன் கப்பலில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். பாட்டுக்காரர் இல்லை. பயணிகள் கப்பலின் அடித்தளத்தில் துணி துவைக்கும் மிஷின்களோடு வேலை. கூடத் தங்கியிருந்த ஒரு தீவுக்காரன் ஊர் திரும்பும்போது இதைக் கொடுத்துவிட்டுப் போனானாம். வருஷத்துக்கு ஆறு வாரம் லீவு. அந்த ஆறு வாரமும் சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்து இதைத்தான் மீட்டுவார்.

"ரப்பர் தோட்டத்துல இருந்து வரும்பளே கேக்கும் அக்கா. அந்தச் சத்தம் கேட்டா அவிய வீட்டுல உண்டு. கேக்கல்லன்னா கப்பல்ல."

அதற்கு ஏழு மாதம் முன்பு தாசையனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் தங்கியிருந்தது. "உண்டு."

"சோறு வேணுமான்னு கேட்டா உண்டு. வேண்டாமான்னு கேட்டாலும் உண்டு. நான் பின்ன எதைன்னு எடுக்க?" என்றாள். அலமாரி மேலே இருந்த இந்தக் கருவியைப் பார்த்துப் பார்த்து அவர் அழுவதாகவும், எடுத்துப் பார்த்தால் பழைய கம்பி எல்லாம் இற்றுப் போயிருந்ததாகவும் சொன்னாள். வேறு ஒன்றும் வேண்டாம், அந்தப் பழைய சத்தம் ஒருதடவை அவர் காதில் விழ வேண்டும். மறுபடியும் தாக்கினால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"சத்தம் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "வெள்ளத்துல வெயிலு விழுந்தா மேல கிடந்து ஆடுமே, அதுபோல ஆக்கும்."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. வெயிலையும் தண்ணீரையும் வைத்துக் கம்பி மாட்ட முடியுமா? அளவு சொல், சுருதி சொல். அதுதான் என் புத்தி. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விடை அவள் வாயிலிருந்து முதல் நாளே வந்துவிட்டது. வந்தவள் சொன்னதை எழுதி வைத்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

பிரிட்ஜை ஒட்டியதைப் பற்றிச் சொல்லமாட்டேன். அது உங்களுக்கே தெரியும். கம்பிக்குத்தான் அலைந்தேன். திருவனந்தபுரத்தில் நாலு கடையில் கேட்டேன். எட்டுக் கம்பி செட்டா என்று மேலும் கீழும் பார்த்தார்கள். ஆன்லைனில் போட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு பெட்டி வந்தது. திறந்தால் நான்கு கம்பி. வந்த கோபத்தில் பெட்டியை வீசிவிட்டு, பிறகு குனிந்து பொறுக்கினேன்.

கருவியையே கேட்பது என்று முடிவு செய்தேன். கழுத்தின் உச்சியில் கம்பி படுக்கும் பள்ளங்களை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உகுலேலேயின் நான்கு ஜோடிக்கும் சுருதி ஜி, சி, இ, ஏ. அதில் ஏ, இ ஜோடிகளில் இரண்டு பள்ளமும் ஒரே அளவு. சி ஜோடியில் ஒன்று அகலம், ஒன்று மிகக் குறுகல். ஜி ஜோடியில் ஒன்று ரொம்ப அகலம். அப்படியென்றால் அந்த இரண்டு ஜோடியிலும் ஒரு தடித்த கம்பியும், அதைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய கம்பியும் இருந்திருக்கின்றன. இரண்டு சாதாரண உகுலேலே செட்டை வாங்கி ஆறு இடத்தை நிரப்பினேன். தடித்த ஜி-க்கு நைலான் கிட்டாரின் நான்காவது கம்பியை வெட்டிப் போட்டேன். மிகக் குறுகலான பள்ளத்துக்கு எந்தக் கம்பியும் நுழையவில்லை. பூவாருக்குப் போய் மீன் பிடிக்கிற தங்கூசி நூல் வாங்கினேன். கடைக்காரர் எந்த மீனுக்கு என்று கேட்டார். கப்பல்காரருக்கு என்றேன். அவர் வெட்டிக் கொடுத்தார்.

நல்ல வேலை அது. இப்போதும் சொல்கிறேன், அதுவரைக்கும் நல்ல வேலை.

தாசையனால் வர முடியாது என்பதால் நானே ஆரியங்கோட்டுக்குப் போனேன். அவர் தலையணையில் சாய்ந்து கிடந்தார். அறுபது தாண்டியவர், நல்ல உயரம். கருவியைப் பார்த்ததும் இடது கை எழுந்தது. நான் சுருதி காட்டும் ட்யூனரை மாட்டி, ஜி, சி, இ, ஏ என்று எட்டையும் முள் அசையாமல், பச்சை விளக்கு எரிய நிறுத்தி, ஒரு இழுப்பு இழுத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது.

தாசையன் தலையை ஆட்டினார். இல்லை என்கிற ஆட்டல். "உண்டு, உண்டு," என்றார்.

"அண்ணே, கொஞ்சம் கூட்டணுமா, குறைக்கணுமா?"

"உண்டு."

"டி சுருதியில இருந்து தொடங்கவா?"

"உண்டு!"

ஒரு மணி நேரம் கேள்வி கேட்டேன். எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஜோடியை மட்டும் பிசகில்லாமல் சேர்த்துவைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் ஜி, சி, இ, ஏ-யிலேயே விட்டுவிட்டு, "இதுதான் இதுக்க முறை. காது பழகணும்" என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். எவ்வளவு திமிர் பாருங்கள். அவர் அத்தனை வருஷம் வாசித்த கருவிக்கு அவர் காது பழக வேண்டுமாம்.

நான்காம் நாள் ஸ்டெல்லா கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, வந்தாச்சு! அந்தச் சத்தம் வந்தாச்சு! தூசி தட்டும்ப என் கை பட்டுது. அவிய சிரிச்சாவ. எட்டு மாசத்துக்குப் பொறவு சிரிச்சாவ அக்கா!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புதுக் கம்பி இழுபட்டு இறங்கியிருக்கும் மக்கா. சுருதி போச்சு. நாளைக்கி வாறேன், சரியாக்கித் தாறேன்."

"வேண்டாம் அக்கா, அது அப்படியே கிடக்கட்டு."

கிடக்கட்டும் என்று விட்டிருக்கலாம். நைலான் கம்பி முதல் வாரத்தில் இறங்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். என் கை பட்ட கருவி ஒன்று ஜோடி கலைந்து ஒரு வீட்டில் கிடக்கிறது என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. யாராவது கேட்டால் யார் வேலை என்பார்கள்? மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

ஸ்டெல்லா பின்பக்கம் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "சாயா போடுதேன், இரிங்க" என்று அங்கிருந்தே சத்தம் கொடுத்தாள். நான் உள்ளே போய்க் கருவியை எடுத்தேன். ஒருதடவை மீட்டினேன். நான்கு ஜோடியும் விலகி, ஆடு ஆடு என்று ஆடியது. என் பல் கூசியது. ட்யூனரை மாட்டினேன். தாசையன் "உண்டு உண்டு உண்டு" என்று சத்தம் போட்டு இடது கையால் கட்டிலை அடித்தார். சந்தோஷம் என்று நினைத்தேன். பச்சை விளக்கு, பச்சை விளக்கு, பச்சை விளக்கு. சாயா கொதிப்பதற்குள் எட்டுக் கம்பியையும் முடித்துவிட்டேன். அவ்வளவு வேகம் எனக்கு.

ஸ்டெல்லா கிளாஸோடு உள்ளே வந்தாள். நான் மீட்டிக் காட்டினேன்.

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். தாசையன் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். அந்த முதுகை நான் இன்னும் மறக்கவில்லை.

"நீங்க என்ன செஞ்சிய?"

"சுருதி..."

"நான் வேண்டாம்னு பறஞ்சேனா இல்லியா? எட்டு மாசம் நான் என்ன எல்லாம் செய்து பாத்தேன்? எண்ணெய், மருந்து, ஜெபம், எல்லாம் பாத்தாச்சு. ஒரு சிரிப்பு வந்துது. அதையும் நீங்க துணி போட்டுத் துடைச்சு எடுத்துட்டியளே!"

பதிலுக்குக் கத்தத் தெரிந்தவள்தான் நான். அன்று கருவியை மடியில் இறக்கி வைத்தேன். ஏனென்றால் அப்போதுதான் எனக்குப் புரிந்தது, முதல் நாள் அவள் சொன்ன வெயில் எது என்று. நான் முப்பது வருஷமாகத் தேடித்தேடி ஒழித்த அதே ஆட்டம்தான்.

சரி, கலைத்துவிட்டால் போயிற்று என்று நினைக்கிறீர்கள் இல்லையா? நானும் நினைத்தேன். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைத் தளர்த்தினேன். மீட்டினேன். ஸ்டெல்லா, "இல்ல" என்றாள். மற்றதைத் தளர்த்தினேன். "இதுவும் இல்ல." எதில் எவ்வளவு என்று தெரியாமல் தளர்த்தினால் வருவது கெட்டுப்போன சத்தம், அது வேறு. அரை மணி நேரத்தில் என் உள்ளங்கை வேர்த்து கீ வழுக்கியது. திரும்பத் திரும்ப அந்த முதுகிடம் கேட்டேன்: "அண்ணே, இதா? இதா?" இப்போது அந்த ஒரு சொல்லும் இல்லை.

ஸ்டெல்லா சொன்னாள்: "அவியகிட்ட கேட்டு என்ன கிடைக்கும்? வாய்தான் இல்லியே."

வாய்தான் இல்லை. நான் கையைப் பார்த்தேன். கட்டிலை அடித்த கை. முதல் நாள் கருவியைப் பார்த்ததும் எழுந்த கை. அது கெட்டுப்போகாத கை. இந்த வீட்டுக்கு வந்த இரண்டு தடவையும் நான் அவரிடம் கேள்வி மட்டும்தான் கேட்டேன். கருவியை ஒருதடவைகூட அவரிடம் கொடுக்கவில்லை. நான் மெக்கானிக், அவர் நோயாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேருமாக அவரை நிமிர்த்திச் சாய்த்தோம். உகுலேலேயை வயிற்றின் மேல் படுக்கவைத்து, இடது கை விரல்களை முதல் கீயின் மேல் கொண்டு வைத்தேன். ட்யூனரைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அந்த ஜோடியை மட்டும் மீட்டினேன்.

அவர் கண்ணைத் திறந்தார்.

விரல் திருகியது. அதிகமாகப் போயிற்று. திரும்ப வந்தது. நான் மீட்டிக்கொண்டே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் வாயை மூடியிருந்தது அந்த ஒரு தடவைதான். இ ஜோடி முடிய நேரமானது. சி ஜோடியில் தங்கூசிக் கம்பியை அவர் தொடவே இல்லை, தடித்ததைத்தான் இறக்கினார். ஜி-யில் எல்லாவற்றையும்விடக் கூடுதல். உரித்த மரச்சீனி பின்பக்கம் கிடந்து கறுத்திருக்கும், ஸ்டெல்லா எழுந்து போகவில்லை. வேலை முடிந்தபோது சர்ச்சில் பகல் குர்பானாப் பூசைக்கு மணி அடித்தது.

முழுதாக ஒரு இழுப்பு இழுத்தேன். அறை முழுக்க ஆடியது. என் காதுக்கு அது தப்பு. என் உடம்பு சிலிர்த்தது.

அவருடைய இடது கை கருவியின் கழுத்தில் போய் விரல்களை ஊன்றிக்கொண்டது. மீட்ட வலது கை இல்லை. நான் கையை நீட்டினேன். அவர் கருவியை என்னிடமிருந்து விலக்கி, ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

"எனக்கு அறியாது, நான் தொட்டதே இல்ல," என்றாள்.

"உண்டு," என்றார் அவர்.

அவள் கையை முந்தியில் துடைத்துக்கொண்டு, அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, கட்டைவிரலால் ஒருதடவை வருடினாள். அவர் விரலை மாற்றினார். அவள் வருடினாள். அவர் மாற்றினார். என்ன பாட்டு என்று எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஆறிப்போன காலைச் சாயாவை எடுத்துக் குடித்துவிட்டு, வாசலில் போய் நின்றேன். சாலை வரைக்கும் கேட்கிறதா என்று பார்க்க இறங்கி நடந்தேன். கேட்டது.

அன்று பஸ் ஏற்றிவிட வந்தபோதுதான் ஸ்டெல்லாவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் அவர் சொல்லியிருக்கிறார்: மிஷின் இரைச்சலில் ஒத்துப்போகிற கம்பி அமுங்கிவிடும், இரண்டும் கொஞ்சம் பிணங்கி நின்றால்தான் இரைச்சலுக்கு மேலே வரும் என்று. "எனக்கு மறந்துபோச்சு அக்கா. அவிய லீவுக்கு வாறதும் போறதும்தான் மனசுல நின்னுது," என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் தாசையன் இறந்தார். டாக்டர் சொன்னபடிதான். அதுவரை அந்த வீட்டில் சாயங்காலம் அது கேட்டது என்று அந்த கிட்டார் வாத்தியாரே கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் அவருக்கு ஒரு செட் கம்பி கொடுத்தேன், திட்டாமல்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் நான் ஜோடிக் கம்பிகளை ஒன்றாகத்தான் சேர்த்தேன், கூலி அதற்குத்தான். ஆனால் பச்சை விளக்கு எரிந்து சத்தம் நேராக நிற்கும்போது, காது எதையோ தேடும். ஆள் இல்லாத வீட்டுக்குள் போய் நிற்பது போல இருக்கும். இப்போது வேலை இல்லை. சாயங்காலம் பாறசாலை ரயில் போன பிறகு எங்கள் பக்கம் ஒரு அமைதி வரும். அப்போதும் காது அதைத் தேடுகிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

கடையில் என் கடைசி மாதம். ஸ்டெல்லா அதே வெள்ளைப் பையோடு வந்தாள். தடித்த ஜி கம்பி அறுந்திருந்தது. ஆரியங்கோட்டில் தாசையன் கீயைத் திருகிய அன்று, புறப்படும் முன்பு நான் ட்யூனரை எடுத்து, ஒவ்வொரு கம்பியிலும் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு கம்பி உறையின் பின்னால் குறித்து வைத்திருந்தேன். அதைத் தேடி எடுத்து, புதுக் கம்பி மாட்டி, குறித்த இடத்தில் முள்ளை நிறுத்தினேன். சரியாக, அதே இடத்தில்.

மீட்டினேன். "பாரு மக்கா."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இல்ல அக்கா. இன்னும் ஒரு துள்ளி இறங்கணும்."

நான் உறையைப் பார்த்தேன், முள்ளைப் பார்த்தேன். இரண்டும் சரி என்றன. முன்பென்றால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ட்யூனரைக் கழற்றி மேசைக்குள் போட்டேன். கருவியை அவள் பக்கம் திருப்பிக் கீயைக் காட்டினேன். அவள் இடது கையால் அதைப் பிடித்தாள். நான் அந்த ஜோடியை மீட்டிக்கொண்டே இருந்தேன். கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள், ஒருவர் தொண்டையைச் செருமினார். காத்திருக்கட்டும்.

அவள் மெல்லத் திருகினாள். நிறுத்தினாள். மறுபடி ஒரு மயிரிழை திருகினாள். சத்தம் ஆடத் தொடங்கியது.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

"உண்டு," என்றாள்.